சோள வயலுக்கு வந்த வாழ்வு

எங்கள் வீட்டு பல்கனிக்கு எதிரே ஒரு சோள வயல் இருந்தது. மாட்டுத் தீனிக்காக விதைக்கும் சோளம். மனிதர் வாயில் வைக்க முடியாதது. வைகாசியில் முளைக்கும். ஆவணியில் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும். புரட்டாசியில் ஒரு பெரிய இயந்திரம் வந்து எல்லாவற்றையும் வெட்டித் துண்டாக்கி லொறியில் ஏற்றிக்கொண்டு போகும். மிச்ச மாதங்களில் அது வெறும் சேறு. சூரிச்சிலிருந்து ஷ்லீரனைத் தாண்டி ரயிலில் இன்னும் கொஞ்சத் தூரம் போனால் வரும் எங்கள் ஊரில், அந்த வயலை யாராவது ஆசையாக நின்று பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை. பார்த்தவர்கள் திட்டுவதற்காகத்தான் பார்த்தார்கள்.

இளவேனிலில் வயலைப் பயிரிடும் கமக்காரர் சாணியும் மூத்திரமும் கலந்த கரைசலைக் கொண்டுவந்து வயல் முழுக்கப் பீச்சுவார். ஊரே ஜன்னலைச் சாத்தும். நான் அந்த ஊரின் ஒரே மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். பதின்மூன்று வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இங்கேயே படித்து, இந்த வேலைக்கே பயிற்சி எடுத்தவள். நாற்றம் வீசும் நாட்களில் எங்கள் கடையில் தலையிடி மாத்திரை நன்றாக ஓடும். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், வயலுக்கு மறுபக்கத்தில் தோட்டமும் தக்காளிக் கூடாரமுமாக வீடு வைத்திருப்பவர், ஒவ்வொரு வருடமும் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சொல்வார்: "இது ஒரு வதை. இந்தக் காலத்திலும் இப்படிச் செய்ய விடுகிறார்களே!" ஒருமுறை அவரே முன்னின்று ஊராட்சியிடம் முறைப்பாடும் கொடுத்தார். வயல் ஊராட்சிக்குச் சொந்தம், கமக்காரர் குத்தகைக்காரர் என்பதால், குத்தகையையே நிறுத்த முடியாதா என்றுகூடக் கேட்டார்கள்.

பிறகு ஊராட்சி அறிவித்தது: அந்த வயலைக் குடியிருப்பு நிலமாக மாற்றி, நடுத்தரச் சம்பளக்காரர்கள் வாடகை கொடுக்கக்கூடிய வீடுகளை ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் கட்டுவதற்கு யோசனை. ஊர்க்கூட்டத்தில் வாக்கெடுப்பு நடக்கும்.

அன்றிலிருந்து அந்தச் சோளத்துக்கு வந்தது வாழ்வு.

மருந்துக்கடை மேசைக்குப் பின்னால் நிற்பவளுக்கு ஊரின் மனது தானாக வந்து சேரும். இருமல் பாணி வாங்க வந்தவர் அதை "ஊரின் நுரையீரல்" என்றார். கண்ணாடி துடைக்கும் துணி வாங்க வந்தவர் வானம்பாடி கூடு கட்டும் இடம் என்றார். வானம்பாடியைக் கண்டீர்களா என்று கேட்டேன். காணவில்லையாம், ஆனால் வரக்கூடுமாம். ஆசிரியை, தன் பழைய வதையை, இப்போது "எங்கள் அடையாளம்" என்று சொல்லத் தொடங்கியிருந்தார். எல்லோரும் ஒரு வசனத்தோடுதான் தொடங்கினார்கள்: "நான் வீடு கட்டுவதற்கு எதிரி இல்லை." அந்த வசனத்தைக் கேட்டவுடன் எனக்குத் தெரிந்துவிடும், அடுத்து "ஆனால்" வரப்போகிறது என்று.

எங்களுக்கோ வீட்டுப் பிரச்சினை வாசலுக்கே வந்து நின்றது. நாங்கள் இருந்த அடுக்குமாடியை அதன் உரிமையாளர்கள் முழுதாக இடித்துப் புதுப்பிக்கப் போவதாகவும், பங்குனி முடிவுக்குள் எல்லோரும் எழும்ப வேண்டும் என்றும் அறிவித்துவிட்டார்கள். நானும் கணவரும் எங்கள் மகளும் ஊரில் வீடு தேடினோம். ஒரு வீட்டைப் பார்க்க மாடிப்படி நிறைய ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். வரிசையில் எனக்கு முன்னால் அஞ்சல்காரர், பின்னால் பாலர் பாடசாலை ஆசிரியை. ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொண்டு, மற்றவருக்குக் கிடைக்காமல் போகட்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டு நிற்போம்.

அந்த நாட்களில்தான் அண்ணை வந்தார். உறவில்லை, கோயிலிலும் கல்யாண வீடுகளிலும் எங்களுக்குப் பழக்கம். எண்பதுகளில் அகதியாக வந்து, முதல் வருடங்களில் ஜன்னலே இல்லாத ஒரு நிலத்தடி அறையில் பலரோடு படுத்தெழும்பியவர். எந்தக் கொண்டாட்டத்திலும் அந்தக் கதையைச் சொல்லாமல் சாப்பாட்டில் கை வைக்க மாட்டார். இப்போது வயலின் கிழக்குக் கரையில் சொந்தமாக ஒரு வரிசை வீடு. அந்தத் தெருவுக்குச் செர்ரித் தோட்டத் தெரு என்று பெயர். தோட்டத்தை வெட்டி வீடு கட்டியவர்கள் பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். செர்ரி மரம் ஒன்றுகூட இல்லை.

அண்ணை கையில் ஒரு பச்சைப் பதாகையைச் சுருட்டி வைத்திருந்தார். கணவர் தேத்தண்ணி கொடுத்தார்.

"பிள்ளை, உங்கட பல்கனிதான் வயலுக்கு நேரை இருக்கு. இதைக் கட்டிவிட்டால் றோட்டால போற எல்லாருக்கும் தெரியும்."

"என்ன அண்ணை எழுதியிருக்கு?"

"எங்கட பச்சையைக் காப்பாத்துவம் எண்டு."

"எங்களைப் பங்குனியோட எழும்பச் சொல்லிப்போட்டினம். தெரியும்தானே?"

"ஓம், கேள்விப்பட்டனான். பாவம்தான். அதுக்கும் இதுக்கும் என்ன?"

"அங்க வீடு வந்தால் நாங்களும் கேட்டுப் பாக்கலாமெல்லோ."

அண்ணை என்னைப் பார்த்துச் சிரித்தார். "உங்களுக்கெண்டே கட்டப்போறாங்கள்? கண்டவன் நிண்டவன் எல்லாம் வந்து குவிவாங்கள். பள்ளிக்கூடம் பழுதாப் போகும். எங்கட வீட்டு விலையும் விழும்."

"கண்டவன் நிண்டவன் எண்டால் ஆர் அண்ணை?"

"இப்ப வாறவங்கள்தான். எரித்திரியாக்காரர், சிரியாக்காரர்... உனக்குத் தெரியாதே?"

"நீங்கள் வரேக்கையும் உங்களைப் பற்றி இதைத்தானே கதைச்சிருப்பினம்?"

"அது வேறை, பிள்ளை. நாங்கள் உழைக்க வந்தனாங்கள்."

அவர் பதாகையை வைத்துவிட்டுப் போனபின் கணவர் என்னைக் கடிந்துகொண்டார். "நீர் ஏன் அந்தாளோட வாய் குடுக்கிறீர்? நாளைக்குக் கோயில்ல முகத்தில முழிக்க வேண்டாமே?"

"கோயில் வீதியிலயும் சோளத்தை விதைச்சுவிடட்டும், முகமே தெரியாது" என்றேன். கணவர் சிரித்துவிட்டார். பதாகை நல்ல தடிப்பான பிளாஸ்டிக் துணி. மழை நாட்களில் எல்லாம் எங்கள் ஈரச் சப்பாத்துகளுக்குக் கீழே கிடந்து நன்றாக உழைத்தது.

எதிர்த்தரப்பு அதோடு நிற்கவில்லை. கட்டடம் எவ்வளவு உயரம் வரும் என்று ஊருக்குக் காட்ட, ஒரு சனிக்கிழமை காலையில் வயலோரம் நீளக் கயிறுகளில் சிவப்பு பலூன்கள் கட்டிப் பறக்கவிட்டார்கள். காற்று வீசியது. வானத்தில் நிற்க வேண்டிய பலூன்கள் சாய்ந்து சோளத்துக்குள் படுத்துக்கொண்டன. ஓய்வுபெற்ற ஆசிரியை கயிற்றை இழுத்துக்கொண்டு சோளத்துக்குள் நுழைந்தார். பின்னால் இன்னும் சிலர் பயிரை மிதித்துக்கொண்டு போனார்கள். பலூன்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. சத்தம் கேட்டு வந்த கமக்காரர், நல்ல பொறுமைசாலி, வயல் ஓரத்தில் நின்று சொன்னதை எங்கள் பல்கனியிலிருந்தே கேட்டேன்.

"அந்த ரப்பர் துண்டுகளை எல்லாம் பொறுக்குங்கள். தீனியோடு சேர்ந்து போனால் என் மாடு சாகும்."

"நாங்கள் உங்களுக்காகத்தானே போராடுகிறோம்!" என்றார் ஆசிரியை.

"முதலில் பொறுக்குங்கள்" என்றார் கமக்காரர்.

கட்ட வேண்டும் என்றவர்களைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். அவர்களும் எனக்குப் பெரிய ஆறுதலாக இருக்கவில்லை. கட்டடக் கலைஞர் கொண்டுவந்த படங்களில், புல்தரையில் மெலிந்த இளம் பெண்கள் வெறுங்காலோடு நடந்தார்கள். ஒரு தாடிக்காரர் கிட்டார் வாசித்தார். குப்பைத் தொட்டி, உடுப்புக் காயப்போடும் கொடி, சப்பாத்து அடுக்கும் ராக்கை எதுவும் இல்லை. என்னைப் போன்ற ஒருத்தி, கையில் கடைப் பையோடும் முழங்கால் நோவோடும், அந்தப் படங்களுக்குள் நுழைந்திருந்தால் காவலாளி வந்திருப்பார்.

ஊர்க்கூட்டம் பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில் நடந்தது. வாக்குள்ளவர்கள் நடுவில் அமர வேண்டும். இல்லாதவர்களுக்கு ஓரத்தில் உட்கார ஒரு நீள வாங்கு. எனக்குச் சுவிஸ் கடவுச்சீட்டு உண்டு, கணவருக்கு இல்லை. அவர் ஓர வாங்கில், பத்திரிகைக்காரருக்குப் பக்கத்தில், கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தார். எனக்கு முன்வரிசையில் அண்ணை, கோட் சூட்டில்.

ஒருவர் எழுந்து போக்குவரத்து நெரிசல் பற்றிச் சொன்னார். அவர் வீட்டில் இரண்டு கார் நிற்பது எனக்குத் தெரியும். ஒருவர் மண்ணின் ஈரம் பற்றிச் சொன்னார். ஆசிரியை நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்: "நம் பேரப்பிள்ளைகள் இங்கே சோளம் வளர்வதைப் பார்க்க வேண்டும்." அவருடைய பேரப்பிள்ளைகள் சிங்கப்பூரில்.

ஒரே ஒருவர்தான் உள்ளதைச் சொன்னார். தொண்ணூறை எட்டும் ஒரு மூதாட்டி, என்னிடம் இரத்த அழுத்த மாத்திரை வாங்குபவர், தடியை ஊன்றி எழுந்தார். "எனக்கு வானம்பாடி பற்றி ஒன்றும் தெரியாது. என் அடுப்படி ஜன்னலால் பார்த்தால் தூரம் தெரிகிறது. எனக்கு அது பிடிக்கும். நான் இருக்கும்வரை வேண்டாம். நான் போனபின் கட்டுங்கள்." மண்டபம் சங்கடத்தோடு சிரித்தது. எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. அவர் எங்களுக்கு எதிராகத்தான் கை தூக்கப்போகிறார். ஆனாலும் அந்த மண்டபத்தில் தன் ஆசையைத் தன் ஆசை என்று சொன்னவர் அவர்தான்.

நானும் எழுந்தேன். ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டேன். அவர்களுடைய ஜெர்மன் பேச்சுமொழியிலேயே சொன்னேன்.

"நீங்கள் எல்லோரும் என்னைத் தெரிந்தவர்கள். உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் என்னிடம்தான் வருகிறீர்கள். வரும் பங்குனியில் எங்கள் கட்டடம் காலியாகிறது. அஞ்சல் கொண்டுவருபவருக்கும் உங்கள் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவருக்கும் இங்கே வீடு கிடைக்கவில்லை. நாங்கள் பகலில் இங்கே வேலை செய்யலாம், இரவில் எங்கே படுக்க வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள்."

தலைவர் நன்றி என்றார். பின்வரிசையில் இரண்டு மூன்று கைதட்டல். அடுத்து எழுந்தவர் தவளைகளைப் பற்றிப் பேசினார்.

வாக்கெடுப்புக்குக் கையை உயர்த்தச் சொன்னார்கள். வேண்டும் என்பவர்கள்: நான் உயர்த்தினேன், சுற்றிலும் அங்கங்கே சில கைகள். வேண்டாம் என்பவர்கள்: மண்டபத்தின் பெரும்பகுதி எழுந்தது. எனக்கு நேர் முன்னால், நன்றாக இஸ்திரி போட்ட கோட் கை ஒன்று, தயங்காமல், முழங்கை நிமிர, மேலே போனது. எண்ணுபவர்கள் கடந்து போன பிறகும் அது இறங்கவில்லை.

முடிந்ததும் வழக்கம்போல வெள்ளை வைனும் சீஸும் வைத்தார்கள். ஆசிரியை என்னைத் தேடி வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"எவ்வளவு அழகாகப் பேசினீர்கள்! உங்கள் ஜெர்மன் எவ்வளவு நன்றாக இருக்கிறது!"

முப்பது வருடத்துக்கு மேல் அந்த மொழியில்தான் அவருக்கு மருந்து விளக்கம் சொல்லி வருகிறேன். அண்ணையும் வந்தார், ஒரு தட்டில் எனக்கென்று சீஸ் எடுத்து வந்திருந்தார்.

"பிள்ளை, மனசில ஒண்டும் வச்சிராதை. பொது விசயம்தானே."

"நான் ஒண்டும் வைக்கேல்லை அண்ணை. உங்கட கைதான் நல்லா உயந்திருந்தது."

அவர் தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனார். கணவர் ஓர வாங்கிலிருந்து எழுந்து வந்து என் மேலங்கியை நீட்டினார். வழி முழுக்க நான்தான் பேசினேன். ஆத்திரத்தில் நான் சொன்னவற்றை இங்கே எழுத முடியாது. வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அழுகை வந்தது. மகள் சுடுதண்ணி வைத்துத் தந்தாள். "அம்மா, இவையிட்டை நீங்கள் என்னத்தை எதிர்பார்த்தனீங்கள்?" என்றாள். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் அவள்; ஊராரைப் பிறத்தியாராக்கும் "இவை" என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்தது எனக்கு வாக்கெடுப்பைவிட அதிகம் வலித்தது.

பங்குனியில் ஷ்லீரனுக்குக் குடிபோனோம். ஒரு காலத்தில் தொழிற்சாலை இருந்த இடத்தில் எழுப்பிய உயரமான கட்டடம். கீழே தண்டவாளம், எதிரே இன்னொரு உயரமான கட்டடம். இங்கே யாரும் எந்தப் பச்சைக்காகவும் பதாகை கட்டவில்லை. கட்டியிருந்தாலும் யாரும் அவர்கள் சொல்வதைக் கேட்டிருக்க மாட்டார்கள். காலையில் எல்லோரும் நகரத்துக்குப் போகும்போது, நான் எதிர்த்திசை ரயிலில் என் பழைய ஊருக்கு வேலைக்குப் போகிறேன்.

வயல் வயலாகவே இருந்தது. ஆனால் மாட்டுத் தீனியில் வருமானம் போதவில்லை என்று கமக்காரர் அடுத்த வருடமே சோளத்தை விட்டுவிட்டு ஸ்ட்ரோபெரி நட்டார். அதற்காக வயலின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை வெள்ளை பிளாஸ்டிக் கூடாரங்கள் போட்டார். வெயிலில் அவை கண்ணைக் கூசவைக்கும். காற்றில் படபடவென்று அடித்துக்கொள்ளும். விவசாய நிலத்தில் விவசாயம்தான் செய்கிறார். யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

ஆசிரியை கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்க வந்தார்.

"இது ஒரு வதை" என்றார். "ஒரு பிளாஸ்டிக் கடல்! நாம் இதற்கு எதிராக ஏதாவது செய்ய வேண்டும். நீங்கள் அன்றைக்கு எவ்வளவு நன்றாகப் பேசினீர்கள். மறுபடி கூட்டத்தில் பேச மாட்டீர்களா?"

"நான் இந்த ஊரில் இல்லை, அம்மணி. எனக்கு இங்கே வாக்கில்லை."

"ஓ!" என்றார். நான் குடிபோனது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் முகத்தில் ஒரு கணம் ஏதோ ஓடியது. வெட்கமா, அல்லது கண் எரிச்சல்தானா, தெரியாது. ஒரு நாளைக்கு மூன்று தடவை, கண்ணுக்கு ஒரு சொட்டு என்று சொல்லி அனுப்பினேன்.

அன்று வேலை முடிந்து ரயிலுக்குப் போகும்போது வயலோரத்தில் கமக்காரரின் மனைவி பழம் விற்றுக்கொண்டிருந்தார். இரண்டு பெட்டி வாங்கினேன். வீட்டில் கணவர் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தார்.

"நல்ல இனிப்பா இருக்கப்பா. எங்கத்தைப் பழம்?"

சொன்னேன். அந்த வயல் என்றதும் அவர் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். பிறகு பெட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, அடுத்ததை எடுத்தார்.