இருமத் தெரியாத பாம்பு

ஊரில் போர் முடிந்துகொண்டிருந்த அந்த மே மாதத்தில், நாங்கள் குடிபெயர்ந்திருந்த மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டுப் பாம்பு ஓயாமல் சீறத் தொடங்கியது. என் முகத்தைக் கண்டுதான் சினக்கிறது என்று நினைத்தேன். கல்யாணமான நாள் தொட்டு வீட்டு வழக்கம் அதுதான் என்பதால் நான் பெரிதுபடுத்தவில்லை.

பாம்பின் சொந்தக்காரி, பள்ளிக்கூடம் போகும் என் மகள். "அப்பா, உது சீறேல்லை. ஷீ காண்ட் பிறீத்!" என்றாள். பாம்பின் வாயோரம் நுரை நின்றது.

எட்டி நின்று பார்த்த மனைவி, "தொய்வுக்காரர் மாதிரியெல்லோ மூச்சு இழுக்குது," என்றாள்.

மிருக வைத்தியர், பிந்திவிட்டீர்கள் என்றார். இந்த வகைப் பாம்புக்கு ஒழுங்காக வேலை செய்வது ஒரு நுரையீரல்தானாம். சளி கட்டினால் இருமித் துப்பவும் தெரியாதாம். ஊசிமருந்து தந்து அனுப்பினார்.

மகள் பாம்பைப் பிடிக்க, நான் குத்த வேண்டும். ஊரில் சாரைப்பாம்புக்கே வேலி பாய்ந்த வீரன் நான். கண்ணை மூடிக்கொண்டு குத்தினேன். என் பெருவிரலில் ஏறியது.

"அப்பா! வாட் ஆர் யூ டூயிங்?"

"பயப்பிடாதை பிள்ளை. இந்த வருசம் எனக்குச் சளி தடிமன் வராது."

ஊசியைப் பறித்துக் குத்தியவள் மனைவி. பாம்பென்று சொல்லக்கூட மாட்டாமல், 'உந்தச் சனியன்' என்று விலத்தி நடந்தவள். வன்னியில் சண்டைக்குள் இருந்த அவளுடைய தம்பியிடமிருந்து வருடப்பிறப்புக்குப் பிறகு ஒரு அழைப்பும் இல்லை. ஊசி போட்ட அன்றிலிருந்து பாம்பின் கண்ணாடிப் பெட்டியடியில் கதிரை போட்டு, மடியில் போனுடன் இருந்தாள்.

"ரீவியை நிப்பாட்டுங்கோ. உது மூச்சு விடுறது கேக்கேல்லை."

நாகதம்பிரானுக்கு நேர்த்திக்கடனும் வைத்திருந்தாள்.

"பாம்பு கடிக்கக் கூடாதெண்டு நேத்தி வைக்கிற சனத்தைத்தான் கண்டிருக்கிறன்," என்றேன். "பாம்பு பிழைக்கவேணுமெண்டு வைச்ச முதல் ஆள் நீதான்."

"பகிடியை விடுங்கோ. உது தப்பினால் தம்பியும் தப்பியிருப்பான்."

அதற்குப் பிறகு நானும் அவளறியாமல் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். பாம்பு தலையை நிமிர்த்தி, வாயைத் திறந்து திறந்து காற்றைத் தேடியது. ஊசி போடப்போட இழுப்புக் கூடியது.

ஒரு காலை நான் இறங்கி வந்தபோது வீடு அமைதியாக இருந்தது.

"பாத்தீங்களே, இழுப்பு நிண்டிட்டுது," என்றாள் மனைவி. பல நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

மகள் பெட்டிக்குள் கையை விட்டாள். பாம்பு நெளியவில்லை. தொட்ட கையை எடுக்காமல் என்னைப் பார்த்தாள். ஆயுள் முழுக்கப் பகிடி விட்டுப் பழகிய வாய், என்ன செய்ய?

"ஓம், நல்ல நித்திரை," என்றேன். "எழுப்பாதை பிள்ளை."

மனைவி போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "சத்தம் போடாதேங்கோ," என்றாள்.