ராஜா வீட்டு அங்கியில் தையல் விட்ட இடம்

கல்யாணப் பரிசாக முதலாளி மிக்ஸி கொடுப்பார் என்று நினைத்திருந்தேன். மனுஷன் அரண்மனையில் ஒரு நாள் தங்க ஏற்பாடு செய்துவிட்டார். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ராஜா குடும்பம் வாழ்ந்த இடம். இப்போது பெரிய ஹோட்டல். எங்கள் கம்பெனிதான் அதற்குத் துணி தைத்துக் கொடுக்கிறது.

நான் பெருமாநல்லூரில் ஓவர்லாக் டெய்லர். என் மனைவி அதே கம்பெனியில் செக்கிங். திங்கட்கிழமை முதல் அவள் சூப்பர்வைசர். அந்த நாற்காலிக்காக ஆறு வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்தவள்.

அறையில் இருந்த கட்டிலில் ஏறுவதற்கே மூன்று படி. சுவரில் ராஜா மீசையோடு முறைத்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க மாமா, இவரு முன்னால எப்படீங்க தூங்கறது?”

“உங்கய்யனும் இப்படித்தான் மொறைக்கறாரு. நான் உங்கூட்டுல தூங்கலியா?”

தலையணை பறந்து வந்தது.

குளியலறையில் இரண்டு வெள்ளை அங்கிகள் தொங்கின. ஒன்றை மாட்டிக்கொண்டு கட்டில் படியில் ஏறி, கையை உயர்த்தி, “யாரங்கே!” என்றேன். அவள் சிரிக்கவில்லை. என் அக்குளையே பார்த்தாள். செக்கிங்காரி முன்னால் துணி உடுத்தி நிற்கவே கூடாது. கைப்பையில் இருந்து சிவப்பு அம்பு ஸ்டிக்கரை எடுத்து ஒட்டினாள். டேமேஜ் இருக்கும் இடத்தைக் காட்டுவதற்கு நாங்கள் ஒட்டுவது அது. அங்கே விரல் நுழையும் அளவுக்குத் தையல் விட்டிருந்தது.

“எந்தத் தூங்குமூஞ்சி இத பாஸ் பண்ணுச்சு?” என்று லேபிளைத் திருப்பினாள். எங்கள் கம்பெனி லேபிள். பின்பக்கம் மார்க்கரில் செக்கிங் ஆளின் நம்பர்: பதினேழு. அவளுடைய நம்பர்.

“தூங்குமூஞ்சி அம்முணிக்கு வணக்கமுங்க,” என்றேன்.

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கிவிட்டது.

“நானு எந்த மூஞ்சிய வெச்சுட்டு அந்தச் சேர்ல உக்காருவனுங்க?”

“ஸ்டிக்கரப் பிச்சுப் போடு. ராஜாவா வந்து சொல்லப்போறாரு?”

“வேண்டாமுங்க. நானே சொல்லீர்றேன்.”

புளோர் இன்சார்ஜ் அண்ணனுக்குப் போன் போட்டாள். “தப்பு எம்மேலதானுங்கண்ணா,” என்று அவள் சொன்னதைக் கேட்டதும் எனக்கு விளையாட்டுப் போய்விட்டது. அந்த ஆர்டரில் அக்குள் வழியாகப் போகும் சைடு தையலை அடித்தது நான். பீஸ் கொண்டுபோகும் சாக்கில் அவள் டேபிளுக்குப் போய், அவள் சிரிக்கும்வரை நகராமல் நின்றதும் அந்த மாதம்தான். போனைப் பிடுங்கினேன்.

“அண்ணா, தெச்சது நானுங்க. அவளப் பாக்க உடாம வாயடிச்சிட்டு நின்னதும் நானுங்க.”



“போன அவகிட்டக் குடு,” என்றார். ஸ்பீக்கரில் போட்டேன். “கண்ணு, பாத்ததும் சொன்ன பாரு, அதுக்குத்தான் அந்தச் சேரு. அங்க இருக்கற மிச்சப் பீஸ் அத்தனையும் பாத்துட்டு வந்துரு. அவன வாயத் தொறக்க உடாத.”

நாங்கள் கேட்டதும் ஹோட்டல்காரர் குழம்பிப்போய் ஒரு தள்ளுவண்டி நிறைய அங்கிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார். ராஜாவின் கட்டிலில் உட்கார்ந்து நான் ஒவ்வொன்றாகப் புரட்டிக் கொடுக்க, அவள் பார்த்தாள். நான் வாயே திறக்கவில்லை. அவளாகவே அவ்வப்போது என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கையில் இருந்த பீஸை மறுபடி முதலில் இருந்து பார்த்தாள்.