எனக்கு மட்டும் வீம்பு

எங்கள் வீட்டில் வீம்பு என்ற சொல் எனக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. பால் வேண்டாம் என்றால் வீம்பு, பின்னல் வேண்டாம் என்றால் வீம்பு. அதையே அப்பா செய்தால் ரோஷம் என்பார்கள். அம்மா செய்தால் மானம். பெரியவர்களுக்குத்தான் எவ்வளவு நல்ல சொற்கள் கிடைக்கின்றன!

எனக்கு ஒன்பது வயதானபோது, அந்த ரோஷத்தில் அப்பா வேங்கிக்காலுக்கு, பெரியப்பா வீட்டுக்குப் போய்விட்டார். ஏதோ வாக்குவாதத்தில் அம்மா 'போங்க' என்று சொல்லிவிட்டாளாம். கூப்பிட்டால் வருவேன் என்று அவர் இருந்தார். வந்தால் சோறு போடுவேன் என்று இவள் இருந்தாள். டவுன் பஸ்ஸில் கால் மணி நேரம். இரண்டு பேரிடமும் செல்போன் இருந்தது.

அதற்குள் கார்த்திகை தீபம் வந்துவிட்டது. அன்று காலையிலிருந்து விரதம். மாலையில் மலை உச்சியில் ஜோதியைப் பார்த்த பிறகுதான் வாசலில் அகல் ஏற்றுவோம், அப்புறம்தான் சாப்பாடு. வருஷா வருஷம் மொட்டை மாடியில் அப்பாதான் என்னைத் தூக்கிக் காட்டுவார். அவர் வந்தால்தான் மாடிக்கு வருவேன் என்று கூடத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"வீம்பு பண்ணாத. பசி தாங்க மாட்ட," என்றாள் அம்மா. இன்னொரு தரம் கூப்பிடுவாள் என்று பார்த்தேன். போய்விட்டாள்.

ஊர் முழுக்க 'அரோகரா' என்று குரல் எழுந்தபோது கீழே நான் மட்டும் இருந்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவ்வளவு தனியாக அதற்குப் பிறகு நான் இருந்ததேயில்லை.

அம்மா இறங்கி வந்து அகல்களை ஏற்றினாள். தெருக்கதவை விரியத் திறந்து வைத்தாள். கூடத்தில் மூன்று தட்டுகளை வைத்துவிட்டு வடை எடுக்க உள்ளே போனாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வராத மனுஷனுக்கு எதற்குத் தட்டு? மூன்றாவதை எடுத்து அலமாரியில் வைத்தேன். கதவையும் படாரென்று சாத்தினேன்.

திரும்பி வந்த அம்மா கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கதவைத் திரும்பத் திறக்கவில்லை.

அப்பா அப்புறம் வரவேயில்லை. வேங்கிக்காலிலேயே தனியாக வீடு எடுத்துத் தங்கிவிட்டார். போன வருஷம் பார்க்கப் போயிருந்தபோது அவராகவே சொன்னார்.

"அந்தத் தீபத்தன்னிக்கு நம்ம வீட்டுக்கு எதிர்ல இஸ்திரி வண்டிகிட்டதான் நின்னுட்டிருந்தேன். உங்கம்மா மாடியிலேர்ந்து என்னப் பாத்தா. எறங்கிவந்து கதவத் தெறந்தா. சரி, போலாம்னு ரெண்டு அடி வெச்சேன். அதுக்குள்ள சாத்திட்டா."

திறந்து வைத்த கதவுதான் அம்மா கூப்பிடும் விதம் என்பது ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை. சாத்தியது யார் என்று அம்மா அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. நானும் இன்னும் சொல்லவில்லை.