டேக் வெட்டாத சுடிதார்

எங்க அப்பாவுக்கு ரெடிமேட் கடை. தூத்துக்குடியில, பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான். லேடீஸ் ஐட்டம் மட்டும். சுடிதார், குர்தி, நைட்டி, லெக்கின்ஸ், சின்னப் பிள்ளைங்களுக்குக் கவுன். வாசல்ல உடுத்திவிட்டு நிறுத்தியிருக்கிற பொம்மை ரெண்டு. மூணாவது பொம்மை நான். அந்த ரெண்டுக்கும் வாய் கிடையாது, எனக்கு உண்டு. வித்தியாசம் அவ்வளவுதான்.

சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்லுதேன். சீசனுக்குப் புதுச்சரக்கு வந்து இறங்கினதும், கட்டைப் பிரிச்சு முதல் உருப்படியை நான்தான் உடுத்தணும். தீபாவளிக்கு முந்தி வர்ற கல்யாணத்துக்கு ஒண்ணு. கிறிஸ்துமஸுக்கு முந்தி, கூடப் படிச்ச நாசரேத் பிள்ளைங்க வீட்டுக்குப் போகையில ஒண்ணு. போற இடத்துல நாலு பேரு "எங்க எடுத்த?"ன்னு கேக்கணும், நான் கடைப்பேரைச் சொல்லணும். வீட்டுக்கு வந்ததும் கழட்டி, வேர்வை காய நிழல்ல போட்டு, இஸ்திரி பண்ணி, உள்ளே அட்டை வச்சு மடிச்சு, கவர்ல போட்டா அது மறுபடியும் புதுசு. அதனால டேக்கை வெட்டக் கூடாது. கழுத்துக்குப் பின்னால உள்பக்கமாத் திருப்பி, சின்ன ஊக்கு குத்திக்கிடணும். அந்த அட்டை உரசி உரசிப் பிடரியில ஒரு தடிப்பு விழுந்து இன்னும் போகல.

அப்ப உனக்குன்னு உடுப்பே இல்லையான்னு கேட்டா, உண்டு. சீசன்ல விக்காம மிஞ்சினது பூரா எனக்குத்தான். யாரும் சீண்டாத பாசிப்பச்சை, ரெண்டு பேரு உள்ளே போகிற சைஸு, இந்த மாதிரி. குலசை தசராவுக்கு விரதமிருந்து மாலை போட்டவங்க சிவப்பு உடுத்துவாங்கன்னு ஒரு வருஷம் அப்பா சிவப்பா வாங்கிக் குவிச்சிட்டாரு. தசரா முடிஞ்சதும் பாதி மிச்சம். அந்த வருஷம் பூரா நான் சிவப்பாவே அலைஞ்சேன். காலேஜ்ல எவளாவது ஒருத்தி, "ஏளா, நீ இன்னும் மாலையைக் கழட்டலையா?"ன்னு கேப்பா. கேட்டதும் எல்லாவளும் சிரிப்பாளுக. நானும் சேர்ந்து சிரிப்பேன், உள்ளே பத்திக்கிட்டு வரும்.

இன்னொரு சட்டமும் உண்டு. கடைக்காரர் வீட்டுப் பொம்பளைங்க இன்னொரு கடையில துணி எடுக்கக் கூடாது. எடுத்தா, எங்க சரக்கு எங்களுக்கே ஆகலைன்னு ஊருக்குத் தமுக்கடிச்ச கணக்கு. எங்க கடையில பட்டு கிடையாது. அதனால அம்மாவுக்குப் பட்டுச்சேலை வேணும்னா திருநெல்வேலிக்கு பஸ் ஏறிப் போவா. கடைக் கவரை அங்கேயே போட்டுட்டு, சேலையை மட்டும் மஞ்சப்பையில சுருட்டி, மேலே கீரைக்கட்டை வச்சுக் கொண்டுவருவா. களவாண்டுட்டு வர்றவ மாதிரிதான் வீட்டுக்குள்ள நுழைவா.

பி.காம் முடிச்சதும், காலேஜ்ல எனக்கு மூத்த அக்கா ஒருத்தி, ஹார்பர் ரோட்டுல ஒரு ஆபீஸ்ல ஆள் எடுக்காங்கன்னு சொன்னா. கப்பல்ல சரக்கு அனுப்புறவங்களுக்காக கஸ்டம்ஸ் பேப்பர் தயார் பண்ணிக் கொடுக்கிற ஆபீஸ். இன்டர்வியூவுக்குக் கூட டேக்கோடதான் போனேன். மேனேஜர் சார் கேள்வி கேக்கையில பின்கழுத்து அரிச்சு உசுரு போச்சு. கையைத் தூக்காம உக்காந்து பதில் சொன்னேன். வேலை கிடைச்சிட்டு.

அப்பா விடமாட்டாருன்னு நினைச்சு, சண்டைக்கு என்னவெல்லாம் பேசணும்னு ரெண்டு நாளா மனசுக்குள்ள ஓட்டிப் பாத்தேன். அவரு என்னடான்னா, "தாராளமாப் போ"ங்காரு! எனக்கு ஒண்ணும் புரியல. "அங்க எத்தனை பொம்பளைப் பிள்ளைக வேலை பாக்கு?"ன்னு மட்டும் கேட்டாரு. பாதுகாப்புக்குக் கேக்காருன்னு நினைச்சு, "பதினொண்ணு இருக்காங்கப்பா"ன்னு சந்தோஷமாச் சொன்னேன். முதல் நாள் காலையில கட்டில் மேல ஆறு சுடிதார் மடிச்சு வச்சிருந்தது. திங்கள்லருந்து சனி வரைக்கும். ஆறுலயும் டேக் தொங்கிக்கிட்டிருந்தது.

ஆடி மாசக் காத்து. ஹார்பர் ரோட்டுல லாரி போனா மண்ணும் கரித்தூசியும் கண்ணுக்குள்ள வந்து விழும். அந்தக் காத்துல சந்தனக் கலர் குர்தி. ஆபீஸ்ல நாற்காலி நுனியில உக்காருவேன். முத்திரை மைக்குப் பக்கத்துல போகமாட்டேன். அக்குள்ல கைக்குட்டையை மடிச்சு வச்சுக்கிடுவேன். சாப்பாட்டுக்குக் குழம்பு ஆகாது, மஞ்சள் பட்டா போகாதுன்னு அம்மா தினம் தயிர்சோறும் மோர் மிளகாயுமா அனுப்புவா. பக்கத்து சீட்டு அக்கா மீன்குழம்பு டப்பாவைத் திறக்கையில வாசனைக்கு நாக்கு ஊறும். "ஒரு துண்டு எடுத்துக்கோயேன்"னு நீட்டுவா. "எனக்கு மீன் ஆகாதுக்கா"ன்னு கடற்கரை ஊர்ல உக்காந்துகிட்டுப் பொய் சொல்லுவேன். வெக்கக்கேடு.

அந்தப் பதினொரு பேரும் ஒருத்தி விடாம எங்க கடைக்குப் போயிட்டாங்க. அப்பாவுக்கு வாயெல்லாம் பல்லு. "எம்மக ஆபீஸ் போற ராசி"ன்னு பக்கத்துக் கடை அண்ணாச்சிகிட்டச் சொல்லுவாரு.

ஆனா வேலை எனக்குப் பிடிச்சிருந்தது. எதிர்பாக்கவே இல்ல, அவ்வளவு பிடிச்சிருந்தது. திருப்பூர்லருந்து வர்ற உடுப்புதான் எங்க ஆபீஸ்ல பாதிச் சரக்கு. இங்க வெயில் கொளுத்துற நேரத்துல குளிர்காலத்து ஸ்வெட்டருக்கு பில் அடிப்போம், எங்கயோ பனி விழுகிற ஊர்ப் பிள்ளைங்களுக்கு. ஒரு தடவை, ஒரு கம்பெனி தறியில நெய்த துணின்னு எழுதி அனுப்பியிருந்த சரக்கை, "சார், இது டீ-ஷர்ட்டுன்னு போட்டிருக்கு. டீ-ஷர்ட்டு தறித்துணியில வராது, பின்னல் துணியாத்தான் இருக்கும். மாத்திப் போட்டா அங்க நிறுத்திருவாங்க"ன்னு சொன்னேன். போன் போட்டுக் கேட்டா, அவங்க தப்புதான். துணியோட துணியாப் பிறந்து வளர்ந்தவளுக்கு இது கூடத் தெரியலைன்னா எப்படி? சார் கண்ணாடியைக் கழட்டிட்டு என்னையே பாத்தாரு.

அந்த வருஷம் தசரா நெருங்கையில சார் கூப்பிட்டாரு. "யார்டு வேலைக்கு உன்னைப் போடலாம்னு இருக்கேன்மா. துணி தெரிஞ்ச ஆள் அங்க வேணும்." திருப்பூர் லாரியில வர்ற பெட்டிகளை ஹார்பர் பக்கத்துல இருக்கிற யார்டுல இறக்கி, கஸ்டம்ஸ் ஆபீசர் கைகாட்டுற பெட்டியைத் திறந்து காட்டி, கேட்டதுக்குப் பதில் சொல்லி, கையெழுத்து வாங்கின பெறகுதான் கன்டெய்னர்ல ஏத்துவாங்க. அந்த வேலை. அதுவரைக்கும் எங்க ஆபீஸ்ல பொம்பளைங்க யாரும் போனதில்ல. உள்ளே போக என் பேருல கஸ்டம்ஸ் கார்டு எடுக்கணும், என் போட்டோ போட்டு. ஆசைன்னா அப்படி ஒரு ஆசை வந்துட்டு எனக்கு. அதுக்கு முந்தி எதுக்கும் நான் அப்படி ஏங்கினதில்ல.

வீட்டுல சொன்னேன். அப்பா முகம் மாறிட்டு. "யார்டுல போய் என்ன உடுத்துவ?"ன்னாரு. பேன்ட், முழுக்கைச் சட்டை, ஷூ, மேல ஆரஞ்சு கலர்ல பளபளப்புப் பட்டை போட்ட ஜாக்கெட், தலையில ஹெல்மெட்டுன்னு நானும் வெள்ளந்தியா அடுக்கினேன். "அந்த ஜாக்கெட்டுக்குள்ள நீ என்ன உடுத்தியிருக்கன்னு பாத்துட்டு லாரி டிரைவரா நம்ம கடைக்கு வரப்போறான்?"னுட்டு எழுந்து போயிட்டாரு. அம்மா என்னைப் பாத்துக் கண்ணைக் காட்டினா, பேசாதன்னு. எத்தனை நாளைக்குத்தான் பேசாம இருக்கிறது?

அதுக்குப் பெறகுதான் அந்தத் தப்பைப் பண்ணேன். எங்க கடையில பேன்ட் சட்டை கிடையாதுல்லா. என் சம்பளத்துல, ஆபீஸ் விட்டு வர்ற வழியில, புதுசாத் திறந்திருந்த பெரிய கடைக்குள்ள நுழைஞ்சேன். ரெண்டு பேன்ட், மூணு சட்டை. கண்ணாடி முன்னால போட்டுப் பாத்தேன். பில் போடுற இடத்துல, "டேக்கை வெட்டிக் கொடுங்கண்ணே"ன்னு கேட்டேன். அந்த மனுஷன் கத்திரியால வெட்டிப் போட்ட அட்டையை நானே பொறுக்கிக் குப்பைத்தொட்டியில போட்டேன். அந்த நிறைவுல, கவரைப் பைக்குள்ள போட்டு மறைக்கணும்ங்கிற அறிவு கூட இல்லாம, கையில தொங்கவிட்டுக்கிட்டே ரோட்டுல நடந்து வந்தேன். அம்மாவா இருந்தா இந்தத் தப்பு பண்ணியிருப்பாளா?

நான் வீடு வந்து சேர்றதுக்குள்ள செய்தி வந்துட்டு. அந்தக் கடை சூப்பர்வைசர் முந்தி எங்க கடையில வேலைக்கு நின்ன ஆளாம். போன் போட்டு, "என்ன அண்ணாச்சி, சரக்கு தீந்துட்டா? பாப்பா இங்க வந்து எடுத்துட்டுப் போகுதே"ன்னு கேட்டிருக்கான், கடையில ஆள் நிறைஞ்சு நிக்கிற நேரத்துல. அப்பா ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவாரு. சுடிதார் பாத்துக்கிட்டிருந்த பொம்பளைங்க அத்தனை பேரும் கேட்டிருக்காங்க.

அன்னைக்கு அப்பா சாப்பிடல. திட்டவும் இல்ல. திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும். நானும் ஏட்டிக்குப் போட்டி பேசி, அழுது, முடிஞ்சிருக்கும். அம்மா மட்டும், "என்னளா இப்படிப் பண்ணிட்ட"ன்னு அடுக்களையில நின்னு மூக்கைச் சிந்தினா.

ரெண்டு நாள் கழிச்சு, கார்டுக்குப் போட்டோ எடுக்க மத்தியானம் பெர்மிஷன் போட்டு ஸ்டூடியோவுக்குப் போனேன். வெள்ளைச் சட்டை, என் சட்டை. எடுத்துக்கிட்டு ஆபீஸுக்கு வந்தா, சார் உள்ளே கூப்பிட்டாரு. "அப்பா இப்பத்தான் வந்துட்டுப் போறாரும்மா. யார்டுன்னா உனக்குப் பயமாம், என்கிட்டச் சொல்லக் கூச்சப்படுதியாம். இதை நீயே சொல்லியிருக்கலாமே? நான் என்ன கடிச்சா தின்னுருவேன்?" நல்ல மனுஷன், சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னாரு.

கையில போட்டோ கவர். கதவு திறந்து கிடக்கு. வெளியே பதினொரு பேரும் காதைத் தீட்டிக்கிட்டு இருக்காங்க, பாதிப்பேரு உடுத்தியிருக்கிறது எங்க கடைத் துணி. அங்க நின்னு "எங்கப்பா சொன்னது பொய் சார்"னு ஒரு வார்த்தை சொல்லணும். அவ்வளவுதான். வாய் வரைக்கும் வந்தது. முந்தாநாள்தான் கடை நிறைஞ்ச பொம்பளைங்க முன்னால அவரைத் தலைகுனிய வச்சிருக்கேன், இன்னைக்கு இவங்க முன்னாலயுமா? "சரி சார்"னுட்டு வெளியே வந்தேன். பாத்ரூம்ல போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். விடல. "ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க? எனக்கு எங்க பயம்? எப்ப பயந்தேன்?" அப்பா கவருக்குள்ள அட்டை வச்சுக்கிட்டே, தலையைத் தூக்காமச் சொன்னாரு: "நீ அங்கன எடுத்ததுக்கு நான் கோவப்படல தாயி. நீ வேற ஆளாயிட்டு வாரேன்னு தெரிஞ்சிட்டு. எனக்குத்தான் பயம்." குரல் உடைஞ்சிட்டு. அவரு கத்தியிருந்தா நான் வீட்டை விட்டே போயிருப்பேன். கோவம் அப்படியே நெஞ்சுல நின்னுட்டு, மேலயும் வரல, கீழயும் போகல.

கார்டு, என்னோட ஒரே நாள்ல வேலைக்குச் சேர்ந்த ஏரல் ஊர்க்காரர் ஒருத்தருக்குப் போச்சு. விண்ணப்பம் டைப் பண்ணிக் கொடுத்தது நான்தான், பேப்பர் வேலை பூரா என் சீட்டுக்குத்தானே வரும். அவரு பேரை அடிச்சு, அவரு போட்டோவை ஒட்டி, சார்கிட்டக் கையெழுத்து வாங்கினேன்.

கார்த்திகை மழை. தூரதேசத்துக் கோடைகாலத்துக்கான உடுப்பு கிளம்புற நேரம். யார்டுலருந்து ஏரல்காரரு போன் பண்ணாரு, பதறிக்கிட்டு. "மேடம், ஆபீசர் இது தறித்துணி, பில்லுல பின்னல்னு தப்பாப் போட்டிருக்கீங்கன்னு நிறுத்திட்டாரு. எனக்கு ஒண்ணும் தெரியல. கப்பலுக்கு நேரமாகுது." கண்ணை மூடிக்கிட்டேன். "ஒரு உருப்படியைக் கையில எடுங்க. அகலவாட்டுல இழுங்க. விரியுதா? விட்டா திரும்புதா? ஓரத்துல ஒரு நூலை மெதுவா உருவிப் பாருங்க, வளையம் வளையமா வருதா? தறித்துணின்னா நேரா வரும். வளையமா வந்தா பின்னல்தான். ஆபீசர் கையிலயே கொடுத்து உருவச் சொல்லுங்க." நான் சொல்லச் சொல்ல, அவரு அப்படியே அங்க சொல்லுதாரு. தகரக் கூரை மேல மழை விழுகிற சத்தம், ஆபீசர் "ம்... ம்..."ங்கிற சத்தம், எல்லாம் போன்ல கேக்கு. கொஞ்ச நேரத்துல, "சரி, ஏத்துங்க"ன்னு யாரோ சத்தம் போட்டாங்க.

"முடிஞ்சிட்டு மேடம், கையெழுத்துப் போட்டுட்டாரு!" மனுஷனுக்கு மூச்சு இப்பத்தான் வந்தது. "இவ்வளவு தெரிஞ்சு வச்சுக்கிட்டு நீங்க ஏன் யார்டுக்கு வரமாட்டேன்னுட்டீங்க?"

எதிர்சீட்டுல ஒரு அக்கா, நேத்து எங்க கடையில எடுத்த குர்தியோட, நான் என்ன சொல்லப் போறேன்னு என் வாயையே பாத்துக்கிட்டிருந்தா.

"எனக்குப் பயமாருந்துச்சு"ன்னேன்.