கந்தகம் தின்னாத கிருமிகள்

போன புதன்கிழமை மருமகன் நேசன் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். கனடாவில், எங்கள் மல்வேர்ன் பக்கம் பட்டப்பகலில் வீட்டில் நிற்கிற ஆம்பிளை ஒன்றில் நைட் ஷிப்ட், இல்லையென்றால் வேலை போனவர்.

"என்ன தம்பி, உங்கட பூச்சியள் லீவு தந்திட்டுதுகளோ?" என்றேன்.

"வேலையால நிப்பாட்டிப்போட்டாங்கள், மாமி."

நேசனுக்கு ஒரு லாபில் வேலை. டீசலில் கந்தகம் இருக்கிறதாம். அது எரிந்து மேலே போய் மழையையே புளிக்க வைக்கிறதாம். அந்தக் கந்தகத்தைத் தின்கிற கிருமிகளை வளர்ப்பதுதான் இவர் தொழில். படித்த மாப்பிள்ளை கிருமி மேய்க்கிறார் என்று பஸ்ஸில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஆனால் இந்தக் கிருமிகள் லேசில் மசியாது. உயிரோடு இருக்க அதுகளுக்குக் கொஞ்சம் கந்தகம் வேண்டும். கரைத்த உப்பாகக் கொடுத்தால் குடித்துவிட்டுச் சும்மா கிடக்கும் — டீசலைத் தொடாது. அதை நிறுத்தினால்தான் வேறு வழியில்லாமல் டீசலில் வாய் வைக்கும். பட்டினி போட்டால்தான் வேலை... கனடா வந்த நமக்கு இது புதுசா?

செவ்வாய்க்கிழமை கம்பனிப் பெரியவர்கள் சோதித்துப் பார்க்க வந்தார்கள். சரிவந்தால் நேசனுக்கு வேலை நிரந்தரம். நிரந்தரமானால், ஊரில் சண்டையால் இடம்பெயர்ந்து கொட்டிலில் கிடக்கிற தாயை ஸ்பொன்சர் செய்து இங்கே கூப்பிடலாம்.

சோதித்தார்கள். டீசலில் கந்தகம் இருந்தது இருந்தபடியே இருந்தது.

"ஏனாம்?" என்று கேட்டாள் என் மகள் வதனி.

"நான் சாப்பாடு போட்டிட்டன்."

"உங்களுக்கென்ன விசரே?"

"வெள்ளிக்கிழமை அம்மாவின்ர செய்தி வந்ததெல்லே? ஒருநேரக் கஞ்சியாம். அதுவும் சில நாளில இல்லையாம். அதைக் கேட்ட காதோட லாபுக்குப் போனன். லோங் வீக்கெண்ட்... மூண்டு நாள் பட்டினி போடவேணும். கை வரேல்லை. அந்தக் கந்தக உப்பைக் கரைச்சு ஊத்திப்போட்டு வந்திட்டன்."



பாதை பூட்டிக் கிடக்க, தாய்க்கு ஒரு பிடி சோறு அனுப்ப வழியில்லாத பிள்ளை, கைக்கு எட்டினதற்குப் போட்டிருக்கிறார். போட்டதாலேயே அந்தத் தாய் இனி இங்கே வரப்போவதில்லை. யாரைக் கோபிக்க? எந்தக் கோயிலில் போய் முறையிட?

எதையாவது கேட்கவேண்டும் போலிருந்தது.

"பூச்சியளை என்ன செய்தவை, தம்பி?"

"பிளீச் ஊத்திச் சாக்காட்டிப்போட்டாங்கள், மாமி."

வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் போயிருக்கின்றன — நம் சனத்தில் எத்தனை பேருக்கு அது வாய்க்கிறது?