செயினைக் காட்டாமல் அரம் கேட்காதீர்கள்

மரம் அரியும் மெசினுக்குச் செயின் தீட்டுவதும் அரம் விற்பதும் என் தொழில். இதில் கை வலிப்பதைவிட வாய் வலிப்பதுதான் அதிகம். அரத்தின் பருமன் செயினைப் பொறுத்தது, மெசினைப் பொறுத்தது அல்ல என்று நாவற்குடாக் கடையில் நின்று கத்திக் கத்தியே எனக்குக் கோபக்காரன் என்று பெயர் வந்தது. நீங்களும் கடை வைத்திருப்பவர் என்றால் இந்தப் பாடு புரியும்.

பெரிய மெசின்

காற்றடித்து மரமெல்லாம் சாய்ந்து கிடந்த வாரம். கடை நிறையக் கூட்டம். கூலிக்கு மரம் வெட்டும் செல்வம் செயினில்லாமல் வந்து நின்றான். வேறு நாளென்றால் ஏசி அனுப்பியிருப்பேன். அன்று அவசரத்தில், எந்தச் செயின் என்றுகூடக் கேட்காமல், நாலு புள்ளி எட்டு மில்லிமீட்டர் அரத்தைத் தூக்கிக் கொடுத்தேன். அவன் சொன்னது இவ்வளவுதான்: “மெசின் பெரிசு அண்ணன், அரமும் பெரிசாத் தாங்க.”

வாட்டு வாசல்

மூன்றாம் நாள், அவனோடு வேலை செய்தவர் மெசினைக் கொண்டுவந்து போட்டபோதுதான் செயினைப் பார்த்தேன். சின்னச் செயின், நாலு மில்லிமீட்டர் அரம்தான் அதற்குச் சரி. பருத்த அரம் அந்தப் பல்லின் குழிக்குள் இறங்காது, மேலே உரசி இருக்கிற கூர்மையையும் தின்றுவிடும். வெட்டாத மெசினைச் செல்வம் பலம் கொடுத்து அமுக்கியிருக்கிறான். வேப்பங்கிளை சட்டென்று முறிய, மெசின் அவன் இடது முழங்காலில் இறங்கிவிட்டது.

காலை எடுக்க வேண்டி வருமோ என்று டாக்டர்மார் யோசித்துக்கொண்டிருந்தார்கள். உண்மையைச் சொல்லத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாட்டு வாசலில் நின்ற அவன் மனைவி என் கையிலிருந்த பழப்பையை வாங்கிக்கொண்டு பேசியதும், சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பிவிட்டேன். வெட்கமாக இருந்தது. அவள் சொன்னது இது: “வேலைக்குக் கூப்பிட்ட ஆக்கள் ஒருத்தரும் வரல்ல அண்ணன். நீங்கதான் வந்து பாத்தீங்க.”

அடையாள அட்டை

அதற்குப் பிறகு செயினைப் பார்க்காமல் யாருக்கும் அரம் கொடுப்பதில்லை. செயினில் பொறித்த எண் தேய்ந்திருந்தால் அடுத்தடுத்த மூன்று ஆணிகளுக்கு இடையே அளந்து, அதில் பாதியை எடுத்துத்தான் அளவு சொல்வேன். வந்தாறுமூலையிலிருந்து வெறுங்கையோடு வந்த ஒரு தோட்டக்காரரை அப்படியே திருப்பி அனுப்பினேன். பஸ்ஸுக்கு நடந்தவர் திரும்பி நின்று சொன்னார்: “அரம் வாங்க செயினுக்கு அடையாள அட்டை கேக்கிற கடை இது ஒண்டுதான்.”

செல்வம் வந்தான்

கால் தப்பியது, முழங்கால் மட்டும் மடங்குவதில்லை. நாலு மாதம் கழித்துப் படியேறி வந்தவனிடம், பிழை என்னுடையது என்று ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். அவன் பைக்குள்ளிருந்து செயினை எடுத்து மேசையில் வைத்தான். “அண்டைக்கே தெரியும் அண்ணன், அரம் பல்லுக்குள்ள இறங்கல்ல. திருப்பிக் கொண்டு வந்தா ஏசுவீங்க எண்டுதான் அதையே வெச்சித் தேச்சன்.”

நாலுக்கும் நாலு புள்ளி எட்டுக்கும் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை, செல்வம் என் கடைப்படி ஏறும்போது மட்டும்தான் அது கண்ணுக்குத் தெரிகிறது.