ராஜி சொன்ன காற்று

1. கச்சான்

ஸ்கிப்பராக நான் போட்டில் ஏறிய முதல் நாளே ஊர் சிரித்துவிட்டது. அறுகம்பே கரையில் போட்டைத் தள்ளிக்கொண்டிருந்தோம். என்னோடு வேலை செய்கிற ஹனிபா தலையைத் திருப்பிக் கரைப் பக்கம் பார்த்துவிட்டு, "இண்டைக்கு கச்சான் வரும் மச்சான்" என்றான்.

நானும் திரும்பிப் பார்த்தேன். "யாரையும் காணோமே. கூடையில வருமா, சைக்கிள்ல வருமா?" என்று கேட்டேன்.

மலையில் என் ஊரான பசறையின் பஸ் ஸ்டாண்டில் கச்சான் என்றால் வறுத்த கடலை. காகிதச் சுருளில் போட்டு விற்பார்கள். அறுகம்பேயிலும் கடலைக்கு அதே பெயர்தான். ஆனால் கடலுக்குப் போகிறவர்கள் வாயில் அது ஒரு காற்றின் பெயர். மேற்கே, தரைப் பக்கமிருந்து கடலை நோக்கி அடிக்கும் சூட்டுக் காற்று. ஹனிபா மணலில் உட்கார்ந்து சிரித்தான். அந்த சீசன் முழுக்க எனக்குக் கச்சான் கெப்டன் என்றுதான் பெயர்.

தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் கடலில் என்ன செய்கிறான் என்று கேட்பீர்கள். நான் எல்ல என்ற மலையூரிலிருந்து டூரிஸ்டுகளை அறுகம்பேக்கு ஏற்றி வந்த வேன் டிரைவர். அவர்கள் மீன் பிடிக்கக் கடலுக்குப் போய்த் திரும்பும்வரை கரையில் சும்மா இருக்க முடியாமல் போட்டில் தொற்றிக்கொண்டேன். நாலைந்து சீசன் கயிறு பிடித்தேன், எஞ்சின் கழுவினேன், பிறகு லைசென்சும் எடுத்தேன். போட் முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்போம். பழைய ஸ்கிப்பர் கட்டாருக்குப் போனதும் அவர் என்னைக் கூப்பிட்டார். "பசறை ரோட்டுல பஸ்ஸில வளந்தவனுக்கு கடல் என்ன செய்யும்?" என்றார். அது உண்மைதான். எல்லயிலிருந்து வருகிறவர்கள் பாதி உயிரை அந்த வளைவுகளிலேயே விட்டுவிட்டுத்தான் போட்டில் ஏறுவார்கள்.

எங்கள் தொழிலில் வருஷத்துக்கு இரண்டு கடல். சித்திரையிலிருந்து ஐப்பசி வரை கிழக்கு. அங்கே கடல் கெட்டதும் போட்டை லொறியில் ஏற்றி வெலிகமைக்குக் கொண்டுபோவோம். தெற்கில் அப்போதுதான் சீசன் தொடங்கும். ஹாஜியார் முதலிலேயே சொல்லிவிட்டார்: "கிழக்க ஒழுங்கா முடி. முடிச்சா தெற்குக்கும் நீதான். இல்லாட்டி வேன் இருக்கு." எனக்கு வேனுக்குத் திரும்ப மனமில்லை. அந்த வருஷம் நான் செய்ததெல்லாம் இந்த ஒரு பேச்சை மனதில் வைத்துத்தான்.

2. தட்டு மாதிரி கடல்

ஆடி மாதம். எல்லயில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் வந்தார், தன் ஊரில் பள்ளிக்கூட வாத்தியாராம். பெரிய பாரை மீன் ஒன்று பிடிக்க வேண்டும், பிடித்துப் படமெடுத்துவிட்டுத் திரும்பக் கடலில் விட வேண்டும் என்பது அவர் ஆசை. காலையில் கடல் தட்டு மாதிரி கிடந்தது.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் இதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கச்சான் அடிக்கும் நாளில் கரையோரக் கடல் அழகாக இருக்கும். காற்று முதுகுப் பக்கமிருந்து வருவதால் கரையில் அலை எழும்பாது. வெளியே போகப் போகத்தான் அதன் குணம் தெரியும். அப்போது கரை தூரத்தில் இருக்கும்.

ஓடும் போட்டுக்குப் பின்னால் தூண்டிலை இழுத்து ட்ரோலிங் போட்டோம், ஒன்றும் கடிக்கவில்லை. வாத்தியார் முகம் தொங்கியது. "கொஞ்சம் வெளியே போவோமா?" என்றார். ஹனிபா, "போதும் மச்சான், திருப்பு" என்றான். நான் திருப்பவில்லை. வாடிக்கையாளர் வெறுங்கையோடு போனால் ஹாஜியார் என்ன சொல்வார் என்றுதான் என் புத்தி ஓடியது. இன்னும் வெளியே போனோம். பாரையும் கடித்தது. அவர் ரீலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே என் கழுத்தில் சூடாகக் காற்று பட்டது.

திரும்பி வரும் வழி முழுக்க எதிர்க்காற்று. போட்டின் மூக்கு எழும்பி எழும்பி விழுந்தது. எஞ்சின் பெட்ரோல் குடிக்கும் வேகத்தை நிமிஷத்துக்கொரு தரம் பார்த்தேன். எஞ்சின் நின்றால் அந்தக் காற்று எங்களை எந்தக் கரைக்கும் கொண்டுபோகாது. காற்றில் ஒரு புகை வாசம் வந்தது. "இது எங்க மலையில மானாப்புல் எரியிற வாசம்" என்றேன். "ஒண்ட மலையுமில்ல, ஒண்டுமில்ல. சேனைப் பயிருக்குக் காடு எரிக்கிறானுகள். முன்னுக்குப் பாத்து ஓட்டு" என்றான் ஹனிபா. கரையில் ஏறியபோது டாங்க் காய்ந்திருந்தது. வாத்தியார் என் கையைப் பிடித்து நல்ல பயணம் என்று நன்றி சொன்னார், பாவம்.

அன்று மாலை ராஜியோடு போனில் பேசினேன். ராஜி என் மனைவி. பசறைப் பக்கத்துத் தோட்டத்து ஃபெக்டரியில், கொழுந்தை வாட்டும் மாடியில் வேலை. "இங்க ரெண்டு நாளா என்னா காத்துங்க. கொழுந்தப் பரத்துன கையோட வாடிருது. சூட்டுக் காத்து போடவே வேணாம்னு டீமேக்கர் சொல்லிட்டாரு" என்றாள்.

எனக்குப் பொறி தட்டியது. எங்கள் ஊவா மலைத் தேயிலைக்கு நல்ல விலை வாங்கித் தருவதே ஆடி ஆவணியில் மலை தாண்டி வரும் அந்த வறண்ட காற்றுதான். அதே காற்று கீழே இறங்கி வந்து எங்கள் போட்டைத் தள்ளுகிறதோ? அந்த ஆவலில் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் அவளிடம் சொன்னேன். வாத்தியார் கேட்டதும் நான் வெளியே போனதையும் சொன்னேன். "டாங்க்ல எவ்வளவு மிச்சம் இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

3. ராஜியின் ரிப்போர்ட்

அடுத்த நாளிலிருந்து விடிந்ததும் போன்தான். "காத்து எப்படி?" என்பேன். கூரைத் தகரம் அடிக்கிறதா, கொழுந்து எவ்வளவு சீக்கிரம் வாடுகிறது என்று அவள் சொல்வாள். நான் கடலைப் பார்த்து ஒப்பிடுவேன். ஹனிபாவுக்கு இது பெரிய வேடிக்கை. "பொஞ்சாதிட்டக் கேட்டு கடலுக்குப் போற கெப்டன் நீ மட்டுந்தான்டா" என்பான்.

ஆனால் விஷயம் பெரும்பாலும் பொருந்தியது. மலையில் அடித்தும் கீழே வராத நாட்கள் உண்டு. மலையில் அடிக்காமல் கரையில் கச்சான் அடித்த நாளை நான் பார்க்கவில்லை. சும்மா சொல்லக் கூடாது, கடைசியில் ஹனிபாவே காலையில், "என்னவாம் மேல?" என்று கேட்க ஆரம்பித்தான்.

4. போகாத நாள்

ஆவணி முடிவில் ஹாஜியாரின் மகளுக்குப் பேசிய சம்பந்தி வீட்டார் மீன் பிடிக்க வந்தார்கள். மாப்பிள்ளையின் வாப்பா, மாமா எல்லோரும். ஹாஜியார் வெள்ளைச் சட்டையில் கரைக்கே வந்து நின்றார். முதல் நாள் இரவு எனக்குத் தூக்கமில்லை. விடிந்ததும் ராஜியிடம், "இன்னைக்குப் பெரிய ஆளுங்க வர்றாங்க. காத்து எப்படி?" என்றேன்.

"பேய்க் காத்துங்க. தகரம் பறக்குது. போகாதீங்க" என்றாள்.

கடல் தட்டு மாதிரி கிடந்தது. ஆடி மாதத்திலும் அப்படித்தானே கிடந்தது. ஹாஜியாரிடம் போய் இன்றைக்கு வேண்டாம் என்றேன். அவர் கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எங்கடா காத்து?" என்றார். மலையில் அடிக்கிறது என்றேன். சம்பந்திமார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பக்கத்துப் போட்காரன் அவர்களை ஏற்றிக்கொண்டு போனான். நான் மத்தியானம் வரை மேற்கே பார்த்துக்கொண்டு நின்றேன். ஓர் இலைகூட அசையவில்லை. அவர்கள் பாதி ஆள் உயரத்தில் ஒரு பாரையோடு வந்து இறங்கினார்கள். வெட்கத்தில் எனக்கு அந்த மணலுக்குள் போய்விடலாம் போலிருந்தது. ஹாஜியார் சத்தம் போடவில்லை. "பயந்தவனுக்கு போட் எதுக்கு? தெற்குக்கு நான் வேற ஆள் பாக்குறன்" என்றார்.

5. பசறைக் கடையில்

லீவு கேட்டு வீட்டுக்கு வந்தேன். பசறை டவுனில் பஸ்ஸை விட்டிறங்கித் தேநீர் குடிக்கும்போது ராஜியின் ஃபெக்டரியில் தேயிலைப் பக்குவம் பார்க்கும் டீமேக்கரைக் கண்டேன். இந்த வருஷம் காற்று எப்படி என்று கேட்டேன். "ஆடியில நல்லா இருந்துச்சு. போன கெழம மோசம். அசையவே இல்ல. ராப்பகலா ஃபேன் போட்டும் கொழுந்து வாடல" என்றார். போன கிழமைதான் நான் கடலுக்குப் போகாமல் நின்றது.

வீட்டில் ராஜி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்குக் காத்து அடிச்சிச்சா?"

"இல்லைங்க" என்றாள். மழுப்பவே இல்லை.

"அப்புறம் ஏன் சொன்ன? என் வேலையே போச்சு தெரியுமா?"

ரொட்டியைத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் பேசினாள். "அன்னைக்கு உங்க கொரலே சரியில்ல. தூங்காத கொரல். பெரிய ஆளுங்க வர்றாங்கன்னு சொன்னீங்க. ஒரு வாத்தியார் கேட்டதுக்கே அவ்வளவு தூரம் போனவரு, பெரிய ஆளுங்க கேட்டா எங்க நிப்பீங்க? காத்து இல்லைன்னு சொன்னா நீங்க போயிருவீங்க. அதான்."

கோபத்தில் ரொட்டியைத் தின்னாமல் எழுந்துவிட்டேன். வாசலில் நின்று யோசித்தேன். அவள் காற்றைப் பற்றிச் சொன்னது பொய். என்னைப் பற்றி நினைத்ததில் பிழையில்லை. அன்று மாப்பிள்ளையின் வாப்பா "இன்னும் கொஞ்சம்" என்றிருந்தால் நான் தலையாட்டியிருப்பேன். அதை ஒத்துக்கொள்ள எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

6. தெற்கு

ஹாஜியாரிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னேன். காற்றுக்குப் பயந்து நிற்கவில்லை, மனைவி சொன்ன பொய்யை நம்பி நின்றேன் என்றேன். அவள் ஏன் சொன்னாள் என்பதையும் மறைக்கவில்லை. அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அவ சொன்னது சரியா? நீ அப்பிடிப் போற ஆளா?"

"போற ஆள்தான் ஹாஜியார். இனிப் போக மாட்டன்."

கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். "தெற்குக்கு நீயே போ. ஆனா காத்தக் கேக்கிற ஆள மாத்து" என்றார்.

ஆளை மாற்றவில்லை. கேள்வியை இரண்டாக்கினேன். மார்கழியில் வெலிகமையிலிருந்து முதல் பயணம் போன அன்று, பசறைக் காற்று அங்கே எட்டாது என்று தெரிந்தும், விடியற்காலையில் கூப்பிட்டேன்.

"காத்து எப்படி ராஜி?"

"காத்து இல்ல. மழைதான் கொட்டுது."

"நீ என்னா சொல்ற?"

"எனக்குப் பயமாத்தான் இருக்கு. போயிட்டு வாங்க."

அன்று மத்தியானம் கண்ணெதிரே ஒரு மயில்மீன் முழு உடம்போடு குதித்தது. தூண்டில் ரொட்டைப் பிடித்திருந்தவர் கொழும்பில் பெரிய ஆள். எழுந்து நின்றே விட்டார். "ஸ்கிப்பர், இன்னும் கொஞ்சம் வெளிய போங்க. காசப் பத்தி யோசிக்க வேணாம்" என்றார். காற்று துளியும் இல்லை. கடல் படுத்துக் கிடந்தது. டாங்கைப் பார்த்தேன், பாதிக்குக் கீழே போயிருந்தது.

ஹனிபா என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போதும் சேர்" என்று சொல்லிவிட்டு போட்டைத் திருப்பினேன்.